சுவரிலிருந்து சங்கீதம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து போன். "உடனே கிளம்பி வா. சீனு வீட்டுக்குள்ள பாம் பண்றான்."

மேற்கு மாம்பலம் போய்ச் சேர்ந்தபோது பாம் வெடித்து முடிந்திருந்தது. ஹால் முழுக்க வெள்ளைப் புகை. மீன் கருகினாற்போல் ஒரு வாடை. (சைவக் குடும்பம். அக்காவின் கோபத்தில் பாதி அதற்கு.) சீலிங் ஃபேன் இறக்கையில் வெள்ளிக் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றியது. தரையில் ஓர் அலுமினியப் பெட்டி மல்லாந்து கிடந்தது. வயிறு நிறையக் கலர் கலராக ஒயர்.

"கபாசிட்டர், மாமா," என்றான் சீனு, ஒரு மார்க்கில் கோட்டை விட்டவன் குரலில்.

சீனுவுக்கு 24 வயது. பகலில் சாஃப்ட்வேர் கம்பெனி, ராத்திரியில் எலெக்ட்ரிக் கிடார். கடையில் கிடைக்கும் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் அவனுக்குப் பிடிக்கவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டுமாம். வெளிநாட்டு அயிட்டம், இரண்டு மாசச் சம்பளம் போய்விடும். சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டான். இந்த வீட்டில் அடுப்படி லைட்டர் ரிப்பேரானால்கூட என்னைக் கூப்பிடுவார்கள். இதற்கு மட்டும் கூப்பிடவில்லை.

ஒயரில் எங்கே கருகியிருக்கிறது என்று பார்க்கக் கையை உள்ளே விடப் போனான்.

"தொடாதே!"

"பிளக்கைப் பிடுங்கியாச்சு மாமா. இருபது நிமிஷம் ஆச்சு."

நான் அவனுடைய மீட்டரை வாங்கி, கறுப்பு ஒயரைப் பெட்டியில் க்ளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்து, வெடிக்காமல் மிச்சமிருந்த கபாசிட்டரில் வைத்தேன். 212 வோல்ட். சுவரோடு சம்பந்தமே இல்லாமல், தரையில் அநாதையாகக் கிடக்கிற பெட்டியில்.

சீனு கையை மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வேலைக்கு ஆர்டர் வருவதற்குமுன் மதுரையில் ஒரு வருஷம் ரேடியோ ரிப்பேர்க் கடையில் எடுபிடியாக இருந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். வால்வு செட்டைத் திறந்தால் அவருடைய இடது கை தானாக லுங்கி மடிப்புக்குள் போய்விடும். வலது கை மட்டும்தான் வேலை செய்யும். "ரெண்டு கையும் உள்ளாற போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியாப் போகும்டா. ஒரு கைய வூட்ல வுட்டுட்டு வா" என்பார். அந்த ஒரு வருஷத்தில் எனக்குச் சம்பளமாகக் கிடைத்ததை எண்ணிச் சொல்லிவிடலாம். இந்த வாக்கியம் மட்டும் இன்னும் செலவாகவில்லை.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். விசாரணை ஆரம்பமானது.

"டிரான்ஸ்ஃபார்மர் 250 வோல்ட்தான் மாமா. நான் 350 வோல்ட் கபாசிட்டர் போட்டேன். நூறு வோல்ட் மிச்சம் விட்டும் வெடிக்குதே?"

உலகம் பூரா இந்த வேலையில் இறங்குகிற பையன்கள் செய்கிற முதல் தப்பு இது. 250 என்பது ஏ.சி.யின் சராசரி மாதிரி ஒரு கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று பிளஸ் டூவில் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு. கபாசிட்டர் சராசரியைப் பார்ப்பதில்லை, உச்சியைத்தான் பிடித்துக்கொள்ளும். 250ஐ 1.414ஆல் பெருக்கினால் 353. அங்கேயே 350 தாண்டியாச்சு. அதுவும் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிற 250, அதன் தலையில் பாரம் ஏற்றினால் வருகிற எண். சீனு புத்திசாலித்தனமாக வால்வுகளைச் சொருகாமல் பவர் சப்ளையை மட்டும் முதலில் சோதித்தான். (நல்ல வேளை. வால்வுகள் டப்பாவிலேயே பத்திரம்.) பாரமே இல்லாததால் அது 270 கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ்களெல்லாம் லீவு, மெயின்ஸ் 230க்கு பதில் 244. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், 405 வரும். 350 என்று போட்ட டப்பாவில் 405ஐ அடைத்தால் மீன் வாடை வராமல் என்ன செய்யும்?

உள்ளே இருந்த சார்ஜ் வடியாமல் நின்றதற்கும் அதுவே காரணம். சூடான வால்வு இருந்தால் அது குடித்துத் தீர்த்திருக்கும். குடிக்க ஆள் இல்லை.

"வால்வுதான் முக்கியம்னு நினைச்சேன். இதுக்கு இவ்வளவு கணக்கா?" என்றான்.

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆம்ப்ளிஃபையர் என்றால் கிடாரிலிருந்து வருகிற சின்ன சப்தத்தைப் பூதக்கண்ணாடி மாதிரி பெரிசு பண்ணுகிறது என்று ஒரு எண்ணம். இல்லை ஸார். கிடார் கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பியும் இருக்கின்றன. கம்பி அதிர்ந்தால் அதில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கிளம்பும். அந்த மின்சாரம் ஸ்பீக்கரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மேட்டூர் அணை மதகில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி அது. அவன் கையை அசைத்தால் தண்ணீர் அசைகிறது. தண்ணீர் அவனுடையதா? ஸ்பீக்கரில் கேட்பது முழுக்க சுவரிலிருந்து வந்த மின்சாரம். பவர் சப்ளைதான் அணை. வால்வு வெறும் மதகு. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'வால்வு' என்றே பெயர் வைத்தார்கள், நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அமெரிக்காக்காரர்கள்தான் 'ட்யூப்' என்று சொல்லி விஷயத்தை மறைத்துவிட்டார்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. காற்றை உறிஞ்சிவிட்ட கண்ணாடிக் குடுவை. நடுவில் ஒரு குழாயைச் சூடு பண்ணினால் எலெக்ட்ரான்கள் ஆவி மாதிரி கிளம்புகின்றன. வெளியே ஒரு தகட்டில் சில நூறு வோல்ட் வைத்தால் அதை நோக்கி ஓடுகின்றன. நடுவழியில் கம்பிவலை மாதிரி ஒன்று, கிரிட். அதில் கொஞ்சம் நெகட்டிவ் காட்டினால் ஓட்டம் குறையும், தளர்த்தினால் கூடும். கிடாரின் வேலை அந்த கிரிட்டை ஆட்டுவது மட்டும்தான்.

சீனு எடுத்துக்கொண்டது லியோ ஃபெண்டரின் பழைய 'சாம்ப்' டிசைன், 50களில் வந்தது. ஃபெண்டர் காலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938ல் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தவர். எலெக்ட்ரிக் கிடாருக்கே இன்னொரு பெயர் என்கிற அளவுக்கு ஆன பிறகும் அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. (பாய்க்குக்கூட ரேடியோவில் பாட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. இரைச்சலைத்தான் கேட்பார்.) மாணவர்கள் கற்றுக்கொள்ள விற்ற சின்னப் பெட்டி சாம்ப். சுமார் 5 வாட். 12ஏஎக்ஸ்7 ஒன்று, 6வி6 ஒன்று, ஏ.சி.யை டி.சி. ஆக்க ஒரு ரெக்டிஃபையர் வால்வு. மொத்தமே மூன்று. 1970ல் எரிக் கிளாப்டன் 'லைலா' ஆல்பத்துக்கு வாசித்தபோது ஸ்டூடியோவில் வைத்துக்கொண்டதும் இந்தக் குட்டிப் பெட்டியைத்தான். லண்டனில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் 1962ல் தன் கடை ஆட்களை வைத்துச் செய்த முதல் ஆம்ப்ளிஃபையரும் ஃபெண்டரின் வேறொரு மாடலைத் திறந்து பார்த்துச் செய்ததுதான். ஆக, சீனு காப்பியடித்ததில் தப்பில்லை. சம்பிரதாயமே அதுதான்.

வால்வு இன்றைக்கும் கிடைக்கிறதா என்பீர்கள். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சைனாவிலும் செய்துகொண்டிருக்கிறார்கள், முக்கியமாகச் சீனு மாதிரி ஆசாமிகளுக்காக. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்கூட ஒரு காலத்தில் செய்தது. அந்தக் காலத்துச் சரக்கு ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பெரியவரின் டிராயரிலிருந்து சீனுவுக்குக் கிடைத்தது, ஈசிசி83 என்று முத்திரையோடு. அதுதான் 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் வைத்த பெயர் வேறு, அவ்வளவுதான்.

ரெக்டிஃபையருக்கு வால்வு போடாமல் 1என்4007 டயோடு போட்டிருந்தான். "வால்வு ரெக்டிஃபையர்னா சவுண்டு சாஃப்டா இருக்கும்கறாங்க மாமா" என்று ஒரு ஏக்கம். பெரிய ஆம்ப்ளிஃபையரில், அழுத்தி வாசித்தால் கரண்ட் எகிறும்போது, ரெக்டிஃபையர் வால்வு கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். அது ஒரு சுகம், உண்மை. ஒற்றை 6வி6 உள்ள பெட்டி வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான் எடுக்கும், அரசாங்க ஆபீஸ் மின்விசிறி மாதிரி. இதில் தொய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு டயோடு போதும். மிச்சப் பணத்தில் 450 வோல்ட் கபாசிட்டர் வாங்கு என்றேன்.

மூன்று வாங்கினோம். 47, 22, 22 மைக்ரோ ஃபாரட். ஏன் மூன்று? நம் ஊர் தண்ணீர்க் கதைதான். குழாயில் வேகமாக வரும்போது ஸம்ப்பில் ரொப்பிக்கொள்கிறோம், மிச்ச நேரம் அதிலிருந்து எடுக்கிறோம். டயோடுகள் செகண்டுக்கு நூறு தடவை ரொப்புகின்றன. ஸம்ப் சின்னதாக இருந்தால் இரண்டு ரொப்பலுக்கு நடுவில் மட்டம் இறங்கி ஏறும். அது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்கும். முதல் தொட்டித் தண்ணீர் 6வி6க்கு, அது முரட்டு ஆசாமி, கொஞ்சம் கலங்கலைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக வடித்து அடுத்த தொட்டி, இன்னொரு ரெசிஸ்டன்ஸ், கடைசித் தொட்டி. 12ஏஎக்ஸ்7 அதைத்தான் குடிக்கும். அது கிடாரின் முணுமுணுப்பை ஐம்பது மடங்காக்குகிற இடம். அங்கே ஒரு சொட்டுக் கலங்கல் இருந்தால் அதுவும் ஐம்பது மடங்கு.

இந்த மூன்று தொட்டியிலும் 350 வோல்ட் நிற்கும்போது உள்ளே இருப்பது ஐந்தரை ஜூல் சக்தி. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து காலில் விழுந்த மாதிரி. காலில் விழுந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இது ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும்.

அதனால் சீனுவின் டிசைனில் இல்லாத ஒரு பாகத்தை நான் போட வைத்தேன். 220 கிலோ ஓம், 2 வாட், ஒரே ஒரு ரெசிஸ்டன்ஸ், முதல் கபாசிட்டரின் குறுக்கே. சப்தத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நாள் பூரா அரை வாட்டை வீணாகச் சூடு பண்ணும். ஸ்விட்சை அணைத்தபின் ஒரு நிமிஷத்தில் 350ஐ 17க்குக் கொண்டுவந்துவிடும். விலை ஒரு டீயைவிடக் கம்மி.

அடுத்தது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 6வி6 தன் எதிரே சுமார் 5000 ஓம் பார்க்க ஆசைப்படும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டுக்கும் நடுவே புரோக்கர் வேண்டும். 5000ஐ 8ஆல் வகுத்து ஸ்கொயர் ரூட் எடுத்தால் 25. அந்தப் பக்கம் 25 சுற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சுற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவரிடம் போனோம்.

"ஸ்டெபிலைசருக்கா, இன்வெர்ட்டருக்கா?"

"கிடாருக்கு."

அவர் சீனுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வயசுக்கு நான் இதில் இருக்கக்கூடாது என்கிற பார்வை.

சிக்கல் என்னவென்றால், இந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எந்நேரமும் டி.சி. ஓடும். இரும்புத் தகடுகள் இங்கிலீஷ் ஈ, ஐ எழுத்து வடிவில் வரும். சாதாரணமாக மாற்றி மாற்றிக் கோப்பார்கள், பின்னல் மாதிரி. அப்படிக் கோத்தால் டி.சி.யில் இரும்பு காந்த போதையேறிக் கிறங்கிவிடும், அதற்கு மேல் அசையாது. ஆகவே எல்லா ஈயும் ஒரு பக்கம், எல்லா ஐயும் ஒரு பக்கம், நடுவே மெல்லிய காகிதம். இதைச் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்படிப் போட்டா சத்தம் வரும் ஸார். கஸ்டமர் என்னைத்தான் திட்டுவான்."

"சத்தம் வரத்தாண்ணே கட்டறோம்," என்றான் சீனு.

காகிதம் வைத்துத் தந்தார். கூடவே பாய் சொல்லிக் கொடுத்த இன்னொன்றையும் சீனுவிடம் சொன்னேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டி வாசிக்காதே. டிரான்ஸிஸ்டரில் அது ஆபத்தில்லை. இதில் போக வழியில்லாத சக்தி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறி, சுற்றின கம்பியைப் பொத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரவேண்டியிருந்தது மூன்றாவது ஞாயிறு.

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டியோடு கேபிள் வழியாக ஒட்டியிருக்கின்றன. வேண்டுமென்றே. இல்லாவிட்டால் இரைச்சல் வரும். ஆகவே பெட்டிக்கு என்ன நேருமோ அதுவே வாசிக்கிறவனின் விரலுக்கும். சீனு முதலில் தாத்தாவின் பழைய ரேடியோவைப் பிரித்து அதையே ஆம்ப்ளிஃபையராக மாற்றுவதாக இருந்தானாம். அந்தக் காலத்து ஏ.சி.-டி.சி. செட்டுகளில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பெட்டியின் இரும்பு நேராக மெயின்ஸின் ஒரு ஒயரோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் கிடார் கம்பியில் 230 வோல்ட். அமெரிக்காவில் 50களில் மலிவு விலை ஆம்ப்ளிஃபையர்கள் சில இப்படியே வந்தன. 'விடோ மேக்கர்' என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். மொழிபெயர்க்க வேண்டாம், அக்கா படிப்பாள்.

நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஒரு நாள் இன்சுலேஷன் பழுதாகலாம், ஒயர் ஒன்று கழன்று பெட்டியைத் தொடலாம். அப்போது காப்பாற்றுவது மூன்றாவது பின், எர்த். பெட்டி எர்த் ஆகியிருந்தால் கரண்ட் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். ஆகாமலிருந்தால் வழி வாசிக்கிறவன்தான். ஸ்காட்லாந்து கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸீயில் மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே போனார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டில் கிடாரும் கையுமாக. வயசு 33.

இதைச் சொல்லிவிட்டு, ஹாலில் உள்ள ப்ளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதுவே வரவேண்டும். 88 வந்தது. அடுத்த ரூமில் 91. கிச்சனில் 84. எங்கும் சேராமல் தொங்குகிற ஒயர்தான் இப்படிக் காட்டும்.

"அக்கா, ஃப்ரிட்ஜைத் தொட்டா ஏதாவது தெரியுமா?"

"மழைக்காலத்துல கொஞ்சம் சுர்ருங்கும். அதான் அங்க ஒரு ரப்பர் செருப்பு போட்டு வெச்சிருக்கேனே, போட்டுண்டுதான் திறப்பேன்."

பன்னிரண்டு வருஷமாக அந்த நீல ஹவாய் செருப்பு ஃப்ரிட்ஜ் முன்னால் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கால் சில்லிடும் என்பதற்காக என்று நினைத்தேன்.

எலெக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு கீழே போனோம். மீட்டர் போர்டை எப்போதோ இடம் மாற்றியிருக்கிறார்கள். வெள்ளையடித்த சுவர் ஓரமாக, பச்சை ஒயர் ஒன்று இரண்டடி நீளத்துக்கு எதிலும் சேராமல் தொங்கியது. எர்த் குழியின் மேல் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தது. பன்னிரண்டு ஃப்ளாட்டுக்கும் எர்த் இல்லை. ஒரு ஃப்ளாட்டில் மாவு அரைக்கிற கிரைண்டர், ஒன்றில் குழந்தைக்கு வெந்நீர் போடும் கெய்ஸர், எல்லாமே மூன்று பின் வைத்த அலங்காரம்.

அசோசியேஷன் செக்ரட்டரி பால்கனியிலிருந்தே கேட்டார். "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே ஸார்? உங்க பையன் கிடாருக்காக நாங்க ஏன் குழி தோண்டணும்?"

அக்கா கீழே வந்து, ஃப்ரிட்ஜ் செருப்புக் கதையைச் சொன்னாள். உடனே இன்னொரு மாமி, வாஷிங் மெஷின்மேல் மரப்பலகை போட்டிருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது வீட்டில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுவதில்லையாம், 'அது கடிக்கும்'. எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு உபாயம் வைத்திருந்தார்கள். ஒருத்தருக்கும் பக்கத்து வீட்டு உபாயம் தெரியாது. செக்ரட்டரி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, பச்சை ஒயரைச் சேர்த்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல். மீட்டர் வைத்தேன். 231. 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று.

கூடவே 30 மில்லி ஆம்பியரில் விழுகிற டிரிப் ஸ்விட்சும் மாட்டினார்கள். சீனுவுக்கு அதில் ஒரு தெம்பு. "இனிமே பெட்டிக்குள்ள கை விட்டாலும் டிரிப் ஆயிடும்ல?" ஆகாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அந்த ஸ்விட்சுக்குத் தெரியவே தெரியாது. 350 வோல்ட்டுக்கு அந்த ஒரு டீ விலை ரெசிஸ்டன்ஸும், பாயின் லுங்கி மடிப்பும்தான்.

கடைசியில் ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். முதல் தடவை நேராகச் சுவரில் சொருகக்கூடாது. நடுவே ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரீஸாகப் போடவேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து விஷயத்தைச் சொல்லிவிடும், புகை வராது. எல்.இ.டி. உதவாது. டங்ஸ்டன் பல்புக்காக மூன்று ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினோம். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பிரகாசித்து, மெல்ல மங்கியது. நல்ல சகுனம். பல்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்தோம். இருபது செகண்டில் இரண்டு வால்வுகளின் உள்ளேயும் ஆரஞ்சு நிறம். கதோடில் 470 ஓமின் மேல் 19 வோல்ட். ஆக 40 மில்லி ஆம்பியர், புத்தகத்தில் போட்ட மாதிரியே. முதல் தொட்டியில் 344.

சுவரிலிருந்து 25 வாட் எடுத்து, அதில் 20ஐச் சூடாக்கிவிட்டு, நாலோ ஐந்தோ ஸ்பீக்கருக்குத் தருகிற இயந்திரம் இது. சிக்கனம் பேசுகிறவர்கள் வாங்கமாட்டார்கள். சீனு ஒரு தடவை எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டினான். மெதுவாகத் தொட்டால் வெண்கலப் பாத்திரம் மாதிரி. வால்யூமை ஏற்றி அழுத்தினால் ஓரமெல்லாம் கரகரத்து, தொண்டை கட்டின பாகவதர் மேல்ஸ்தாயிக்குப் போன மாதிரி. 5 வாட் என்பது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் அந்தக் கட்டடத்துக்குத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி கூடப் பாடியது.

ஐந்து நிமிஷத்தில் காலிங் பெல். செக்ரட்டரி. சீனு அவசரமாக வால்யூமைக் குறைத்தான்.

"அது இருக்கட்டும்," என்றார் செக்ரட்டரி. "எங்க பாத்ரூம் கெய்ஸர் பாயின்ட்ல அந்த மீட்டரை ஒரு தடவை வெச்சுப் பார்த்துடறீங்களா?"

போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. திரும்பி வந்தபோது அக்கா தோசைமாவு எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டிருந்தாள், காலில் ரப்பர் செருப்போடு. "இனிமே வேண்டாமேக்கா" என்றேன்.

"இருக்கட்டும்டா," என்றாள்.